காணொளித் தயாரிப்பு: வெளி நிறுவனத்திடம் கொடுப்பதா, சொந்தமாக ஆள் வைத்துக்கொள்வதா?

ஆவாரம்பாளையம் கிரைண்டர்:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் எங்கள் தந்தையார் தொடங்கிய வெட் கிரைண்டர் தொழிற்கூடத்தை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். மொத்தம் 34 பேர் வேலை செய்கிறார்கள். டீலர்கள் வழியாக மட்டுமே விற்றுக்கொண்டிருந்த நாங்கள் மூன்று ஆண்டுகளாக இணையத்தில் நேரடியாகவும் விற்கிறோம். அதனால் காணொளி இல்லாமல் ஒரு மாதத்தைக்கூட ஓட்ட முடியாத நிலை வந்துவிட்டது.

இதுவரை எல்லாவற்றையும் வெளி நிறுவனம் ஒன்றிடம்தான் கொடுத்து வந்தோம். சென்ற ஆண்டு ஐந்து படங்களுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக ஆறு லட்சம் ரூபாய் ஆனது. படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால், மாவு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரு படத்தில் மைதாவைக் கரைத்து டிரம்மில் ஊற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். படப்பிடிப்பு நடந்த அன்று நான் ஊரில் இல்லை. படம் வெளியான அன்று மாலைக்குள், உளுந்து மாவு இப்படித் தண்ணீராகச் சுற்றாது, பொங்கிக் குழவியோடு ஏறி வரும் என்று பெண்கள் பலர் பின்னூட்டத்தில் எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் சரி என்பதால் படத்தை நீக்கிவிட்டோம்.

அதே பணத்தில் கேமராவும் வாங்கி, மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. அவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்குமா, திடீரென்று அவர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பம்புசெட் உற்பத்தியாளர்:

வணக்கம் ஐயா. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே இடத்தில்தான் நின்றோம். எது மலிவு என்ற கணக்கை நீங்கள் முதலில் போடுவதாகத் தெரிகிறது; எங்களுக்கு அந்தக் கணக்கு வழி காட்டவில்லை. ஓராண்டில் உங்களுக்கு உண்மையில் என்னென்ன காணொளிகள் தேவைப்பட்டன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சர்வீஸ் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் குறித்துவைத்திருக்கும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை நான்கைந்து கேள்விகள்தான். உங்கள் நோட்டில் பெல்ட் மாற்றுவது, புதுக் கல்லை முதல் முறை கழுவி ஓட்டுவது, குழவியைக் கழற்றி மாட்டுவது போன்றவை இருக்கும் என்று நினைக்கிறேன். இவற்றை ஆண்டுக்கு ஐந்து படம் எடுத்துத் தரும் நிறுவனத்திடம் கொடுத்து, தேதி வாங்கிக் காத்திருக்க முடியாது. மாடலில் ஒரு போல்ட் மாறினால்கூடப் படத்தை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆள் தேர்வில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். திரைப்பட ஆசையோடு இருந்த, நல்ல திறமைசாலியான ஒளிப்பதிவாளர் ஒருவரை வேலைக்கு எடுத்தோம். ஒரே பம்பை ஏழு மாதம் படம்பிடித்ததில் அவருக்குச் சலித்துவிட்டது. அவர் போன பிறகுதான், எந்தக் காட்சி எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்பதும், யூடியூப் கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதும் தெரிய வந்தது. அதை மீட்கப் பட்டபாடு கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகு சர்வீஸ் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவருக்கே மூன்று மாதம் பயிற்சி கொடுத்தோம். டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. மோட்டார் எந்தச் சத்தத்தில் ஓடினால் பழுது என்பதை அறிந்தவர் அவர். மைதா மாவு போன்ற விபத்து அவர் கையில் நடக்காது. கேமரா தெரிந்தவருக்குப் பொருளைச் சொல்லிக்கொடுப்பதைவிட, பொருள் தெரிந்தவருக்குக் கேமராவைச் சொல்லிக்கொடுப்பது எளிதாக இருந்தது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஈரோடு ஒளிப்பதிவாளர்:

நான் வெளி நிறுவனத்தின் பக்கம் இருந்து எழுதுகிறேன். இருந்தாலும், மேலே நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சர்வீஸ் காணொளிகளை எங்களிடம் கொடுப்பது இரு தரப்புக்கும் வீண்.

ஆனால் உங்கள் பொருளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம் கண்ணாடி மாதிரி. விளக்கு, கேமரா, பக்கத்தில் நிற்பவரின் சட்டை நிறம் எல்லாமே அதில் தெரியும். விளக்கை நேரே அடிக்காமல் பெரிய வெள்ளைத் துணியில் அடித்து, அந்தத் துணியின் பிரதிபலிப்பு மட்டுமே உலோகத்தில் விழும்படி அமைத்தால்தான் விளிம்புகள் எடுப்பாக வரும். ஒரே ஒரு காட்சிக்கு அரை நாள்கூட ஆகும். தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு எடுக்கும் முதன்மை விளம்பரத்துக்கு இந்த உழைப்பு தேவை. அதைப் பயிற்சியில் இருக்கும் ஒருவரிடம் எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சொந்தமாக எடுக்கத் தொடங்கினால் இரண்டு விஷயங்களை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தொழிற்கூடத்து விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. கைபேசியில் வழக்கமாக இருக்கும் நொடிக்கு 30 ஃபிரேமில் (அதாவது 30 தனிப் படங்களாக) எடுத்தால் படத்தில் பட்டைபட்டையாக ஓடலாம். 25 ஃபிரேமும், ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி பதியும் நேரம், நொடியில் 50இல் ஒரு பங்கும் வைத்தால் பெரும்பாலும் அது நின்றுவிடும். அடுத்தது ஒலி. கிரைண்டர் ஓடும்போது அதன் பக்கத்தில் நின்று பேசிப் பதிவுசெய்யாதீர்கள். சட்டையில் மாட்டும் மைக் வைத்திருந்தாலும் கல் சத்தம் குரலை அமுக்கும். ஓட்டத்தைத் தனியாக எடுத்துவிட்டு, விளக்கத்தைப் பிறகு அமைதியான அறையில் பேசிச் சேருங்கள்.

சேமிப்பு இடத்துக்கும் செலவு உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே என்ற உயர்தரத்தில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். அதற்கு இரண்டு பிரதிகள் கட்டாயம் வேண்டும்.

ஒப்பந்த ஆலோசகர்:

உரிமை பற்றி யாரும் சொல்லாததால் இதைச் சேர்க்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். எனவே, நீங்கள் கையெழுத்திட்ட பழைய ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதேனும் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெட்டித் தொகுக்காத மூலக் காட்சிகளையும் எடிட்டிங் கோப்புகளையும் இத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னணி இசைக்குத் தனி அனுமதி தேவை. ஒருவரிடமிருந்து உரிமையை மாற்றி வாங்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்றும் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்கும் கிரைண்டர் அனுப்புபவராக இருந்தால் நிலப்பரப்பைக் குறிப்பிடும் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

ஆவாரம்பாளையம் கிரைண்டர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு சர்வீஸ் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். மூன்று மாதத்தில் பெல்ட் தளர்வு பற்றி மட்டும் 41 அழைப்புகள் வந்திருக்கின்றன. எங்கள் சர்வீஸ் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கும் தங்கை ஒருவர், வாடிக்கையாளருக்குத் தொலைபேசியிலேயே பொறுமையாக விளக்கி பெல்ட்டை மாட்ட வைத்துவிடுவார். கேட்டதும் சம்மதித்தார். வரும் சனிக்கிழமை அவரை வைத்தே முதல் காணொளியை எடுக்கிறோம். கேமரா வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, மைக் ஒன்றும் வெள்ளைத் துணியும் வாங்கியிருக்கிறோம். தீபாவளி விளம்பரத்தை வெளி நிறுவனத்திடமே கொடுக்கிறோம். ஆனால் இந்த முறை உளுந்தை ஊறவைத்து எடுத்துப் போகப்போவது என் மனைவி. மாவு அரைத்து முடியும் வரை அவர் அங்கேயே இருப்பார்.