பஹாமாஸ் தலைநகர் நசாவுவில் டிசம்பர் 26: அம்மாவை ஜங்கனூ பார்க்கக் கூட்டிப்போகலாமா?

களியக்காவிளைக்காரன்:
அக்கா பஹாமாஸில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு நானும் அம்மாவும் போகிறோம். மறுநாள் பாக்ஸிங் டே விடுமுறை, ராத்திரியே கிளம்பி, மேளதாளத்தோடு ஆடிப்போகும் ஜங்கனூ ஊர்வலம் பார்க்கணும் என்கிறாள் அக்கா. அம்மாவுக்கு முட்டுவலி. கூட்டிப்போகலாமா?

பாறசாலை அண்ணன்:
கட்டாயம் கூட்டிப்போ தம்பி. பே ஸ்ட்ரீட்டில் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கினால் விடிந்தும் நடக்கும். அம்மாவால் நிற்க முடியாது, உட்காரும் இடத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடு. ஆடுகிறவர்கள் உடையெல்லாம் அட்டையும் க்ரேப் பேப்பரும்தான். காகிதத்தைச் சன்னமாக நறுக்கி வரிசை வரிசையாக ஒட்டியிருப்பார்கள், மாதக்கணக்கில் வேலை. முடிந்தால் குழுக்கள் புறப்படும் இடத்துக்கும் போ. ஆட்டுத்தோல் மேளத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள், நம்மூரில் பறையைக் காய்ச்சுகிற மாதிரியே. தோல் இறுகினால்தான் சத்தம் எழும்பும். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடைத்த சொற்ப ஓய்வில் வளர்த்த கொண்டாட்டம் அது. 2023இல் யுனெஸ்கோவும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள் தம்பி. அப்புறம், ஊர்வலத்தில் ஆட்டுகிற மாட்டுமணிச் சத்தம் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு வேண்டும்.

களியக்காவிளைக்காரன்:
சரி அக்கா, சரி அண்ணா. இன்றைக்கே டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன்.