ஹெண்ட்ரிக்ஸின் முதலிடம் இன்னும் செல்லுமா? புனைபெயரில் எழுதும் ஐவரின் விவாதம்

நள்ளிரவு வானொலி:

ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழ் 2003, 2011, 2023 என மூன்று முறை சிறந்த கிட்டார் கலைஞர்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. மூன்றிலும் முதலிடம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குத்தான். அவருக்குக் கீழே இருப்பவர்கள்தாம் ஒவ்வொரு முறையும் இடம் மாறினார்கள். 2003இல் எழுபதாவது இடத்தில் கிடந்த எடி வான் ஹேலன் 2023இல் நான்காவது இடத்துக்கு ஏறிவிட்டார்; 2011இல் இரண்டாவதாக நின்ற எரிக் கிளாப்டனை 2023இன் முதல் பத்துப் பேரில் காணவில்லை. பத்திரிகைப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்பவன் அல்லன் நான். ஆனாலும் முதலிடத்தைப் பொறுத்தவரை அது சரியாகவே சொல்கிறது என்பது என் கட்சி.

1966 செப்டம்பரில் லண்டனில் வந்து இறங்கியபோது ஹெண்ட்ரிக்ஸை அங்கே அறிந்தவர் மிகச் சிலர். அதுவரை லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றோருக்குப் பின்னால் நின்று வாசித்துப் பிழைத்தவர். 1970 செப்டம்பர் 18 அன்று அதே லண்டனில் 27 வயதில் இறந்துபோனார். இடைப்பட்ட நான்கே ஆண்டுகளில் மின் கிட்டார் என்ற கருவி எதையெல்லாம் பேசலாம் என்ற எல்லையையே அவர் மாற்றிவிட்டுப் போனார். ஒலிபெருக்கியின் முன்னால் கிட்டாரைக் கொண்டுபோனால் எழும் ஊளையைப் பலர் கோளாறாகக் கருதினார்கள், சிலர் வேடிக்கைக்காகத் தொட்டுப் பார்த்தார்கள். அதைத் தாம் நினைத்த சுருதியில் நிறுத்தி, நினைத்த நேரம் பிடித்துவைத்து, நினைத்தபோது விட்டவர் அவர்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1969 ஆகஸ்டு 18, திங்கட்கிழமை காலை. மூன்று நாள் என்று அறிவித்த வுட்ஸ்டாக் இசை விழா நான்காம் நாளுக்கு இழுத்துவிட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போய்விட்டது. மைதானம் முழுக்கச் சேறும் குப்பையும். ஃபெண்டர் நிறுவனத்தின் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் அவர் அமெரிக்க தேசிய கீதத்தைத் தொடங்குகிறார். முதல் அடிகள் யாரும் கூடவே பாடக்கூடிய மெட்டில் போகின்றன. பாட்டில் ராக்கெட்டும் குண்டும் வருகிற இடத்தை எட்டியதும் ட்ரெமலோ கைப்பிடியை அழுத்திக் கம்பிகளைத் தொய்யவிடுகிறார். குண்டு விழுகிற சீழ்க்கை, அது வெடிக்கிற அதிர்வு, அதற்குப் பின் எழுகிற அலறல் எல்லாம் அந்த ஆறு கம்பிகளிலிருந்து வருகின்றன. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து மெட்டைத் தொடர்கிறார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வாசித்தவரும் ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் 101ஆம் வான்வழிப் படைப்பிரிவில் இருந்தவர். ஒரு சொல்லும் பாடாமல் இதைச் செய்த வேறொருவரைக் காட்டுங்கள். நான் என் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பட்டறை மேசை:

நண்பரே, நீங்கள் காட்டியது ஒரு பெரும் கலைஞரை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முதலிடம் என்றால், அவருக்குப் பிறகு கிட்டாரைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் புதிதாக எதைக் கற்க வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என் விடை எடி வான் ஹேலன்.

1978இல் வந்த, அவருடைய வான் ஹேலன் குழுவின் முதல் தொகுப்பில் ‘இரப்ஷன்’ என்று ஒரு தனிவாசிப்பு இருக்கிறது. நீளம் 1 நிமிடம் 42 விநாடி. அதன் கடைசிப் பகுதியில் வலக்கை விரலும், வழக்கமாக இடக்கை கம்பியை அழுத்தும் ஃப்ரெட் பலகைக்கு வந்துவிடுகிறது. அவ்விரல் கம்பியைத் தட்டி ஒரு சுரத்தை எழுப்பி, விலகும்போது கம்பியைச் சற்றே சுண்டிவிட, இடக்கை விரல் ஏற்கெனவே அழுத்தி வைத்திருக்கும் சுரம் ஒலிக்கிறது. உடனே இன்னொரு இடக்கை விரல் மூன்றாவது சுரத்தைத் தட்டி எடுக்கிறது. சொல்வதற்கு இவ்வளவு நேரம் ஆகிறது, கேட்பதற்கு ஆர்கன் வாசிப்பதுபோல் இருக்கிறது. கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் கொண்டுவந்த கேசட்டில் முதன்முதலாகக் கேட்டபோது, அது கிட்டாரே இல்லை என்று ஐந்து ரூபாய் பந்தயம் கட்டித் தோற்றவன் நான்.

இன்னொன்று. ஹெண்ட்ரிக்ஸ் கடையில் விற்ற கிட்டாரைத் திருப்பிப் பிடித்துக் கம்பியை மாற்றிக் கட்டிக்கொண்டார். எடி கிட்டாரையே கழற்றிப்போட்டார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில், கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பை ஒரு கிப்சன் கிட்டாரிலிருந்து எடுத்து, தேவையில்லாமல் ஊளையிடாதபடி உருக்கிய மெழுகில் முக்கி எடுத்துப் பொருத்தினார். இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே விற்றுக்கொண்டிருந்த இரண்டு குணங்களை ஒரே கட்டையில் வைத்தார். பிராங்கன்ஸ்ட்ராட் என்பது அதன் பெயர். பின்னர் ராக் இசைக்கென்று கடைகளுக்கு வந்த கிட்டார்களில் எத்தனை அந்தப் பிராங்கன்ஸ்ட்ராட்டின் பிள்ளைகள் என்று, பழுது பார்க்கும் என் மேசைக்கு வருகிறவற்றை வைத்தே சொல்வேன்.

நள்ளிரவு வானொலி:

தட்டி வாசிக்கும் முறை எடிக்கு முன்பே இருந்தது. ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1970களின் தொடக்கத்திலேயே அதைப் பதிவு செய்துவிட்டார். மேலும், ‘அனைவரும் கற்க வேண்டியிருந்தது’ என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 1980கள் முழுக்க நாம் கேட்க நேர்ந்த, விநாடிக்கு இத்தனை சுரம் என்று எண்ணிக்கையில் வாழ்ந்த அந்தப் பெருங்கூட்டத்துக்கும் அவர்தானே பொறுப்பு? வேகத்தை அளக்க முடியும் என்பதாலேயே அதை மதிப்பாக்கிவிட்டோம்.

பட்டறை மேசை:

சீடர்கள் செய்த பிழையை ஆசானின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. அப்படி எழுதினால், ஹெண்ட்ரிக்ஸைப் பார்த்து மேடையில் கிட்டாரைக் கொளுத்தியவர்களையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். ஹாக்கெட் முன்னோடி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊளையொலியிலும் ஹெண்ட்ரிக்ஸுக்கு முன்னோடிகள் இருந்தார்கள் என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். ஒரே தராசை இருவருக்கும் பிடியுங்கள். வேகத்தைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு, 1982இல் மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாடலுக்கு அவர் வாசித்துக்கொடுத்த சில விநாடிகளே விடை. கூலி வாங்காமல் வாசித்த அந்தத் தனிவாசிப்பை, ராக் இசையே கேளாதவர்களும் முணுமுணுப்பார்கள்.

நடைமேடை எண் இரண்டு:

இருவரும் 1966, 1978 என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் முன்னால், 1915இல் ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற பெண்மணி இருந்தார். தேவாலயப் பாடலைக் கிட்டாரோடு பாடி, அதை இரவு விடுதி மேடைக்கும் கொண்டுபோய், இரு தரப்பின் கோபத்தையும் சம்பாதித்தவர். 1944இல் அவர் பதிவுசெய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ என்ற பாடல், கறுப்பினத்தவர் இசைக்கென்று பில்போர்டு தனியே ஒதுக்கி வைத்திருந்த பட்டியலில் மறு ஆண்டு இரண்டாம் இடம்வரை சென்றது. ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தத் துள்ளல் அதில் இருக்கிறது.

1964 மே மாதம் மான்செஸ்டரில், வண்டிகள் நிற்காத பழைய ரயில் நிலையம் ஒன்றில் கிரனடா தொலைக்காட்சி நடத்திய நிகழ்ச்சியின் படச்சுருள் கிடைக்கிறது, பாருங்கள். ஒரு நடைமேடையை அமெரிக்கத் தென்மாநிலத்து நிலையம்போல் அலங்கரித்திருக்கிறார்கள், எதிர் நடைமேடையில் இளைஞர் கூட்டம், நடுவே தண்டவாளம். அன்றைக்கு மழை. நல்ல கோட்டு அணிந்த நாற்பத்தொன்பது வயது அம்மையார் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். வெள்ளை கிப்சனைத் தோளில் மாட்டுகிறார். மழையைப் பற்றிய பாடலையே எடுக்கிறார். நடுவே வரும் தனிவாசிப்பின்போது கையைப் பார்ப்பதுகூட இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் பாட்டியின் லாகவம் அது.

அவர் 1973இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2018இல், அதாவது 45 ஆண்டுகள் கழித்து. நீங்கள் நம்பும் அதே இதழின் 2003 பட்டியலில், நூறு பேரில் அவர் இல்லை. நூற்றில் பெண்கள் இருவர் மட்டுமே. 2023இல் திடீரென்று ஆறாவது இடம். இருபது ஆண்டுகளில் அவருடைய வாசிப்பு மாறிவிடவில்லை.

விரல் நுனி:

ஜெஃப் பெக் பெயரை இதுவரை ஒருவரும் எழுதாதது வியப்பளிக்கிறது. 1980களில், கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலுமே வாசித்தார். சுண்டுவிரல் ஒலியளவுத் திருகில், உள்ளங்கை ட்ரெமலோ கைப்பிடியில். ஒரு சுரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் காற்றிலிருந்து வருவதுபோல் வரும். நிதின் சாஹ்னி இசையமைத்த ‘நாடியா’வை அவர் வாசித்ததைக் கேளுங்கள். மூலப்பாட்டில் பாடகி குழைத்துப் பாடிய இந்தியச் சங்கதிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் எடுக்கிறார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீணையில் கம்பியை இழுத்து எடுப்பதை இவர் கைப்பிடியை அசைத்து எடுக்கிறார், அவ்வளவே வேறுபாடு.

பட்டறை மேசை:

பெக்கைப் பற்றி நான் சண்டையிடமாட்டேன். ஆனால் வாசிப்பவர்கள் வியக்கும் கலைஞர் அவர். ஒரு தலைமுறையைக் கிட்டார் வாங்கவைத்தவர் அல்லர்.

ரிதம் பக்கம்:

இதுவரை எழுதிய நால்வரும் தனிவாசிப்பைத் தவிர வேறெதையும் பேசவில்லை. நான்கு நிமிடப் பாட்டில் தனிவாசிப்பு முப்பது விநாடி. மீதி மூன்றரை நிமிடம் கிட்டார் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டீர்களா?

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலையில் வேலை. பதினேழு வயது, வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாள், பழக்கமில்லாத எந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன. இடக்கைப் பழக்கம் உள்ளவர் ஆதலால் ஃப்ரெட்டில் அழுத்தும் கை அதுதான். ஆலையின் மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக்காட்டி, தீயில் இரண்டு விரல்கள் முடங்கிய பின் வாசித்தவர் இவர் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறைபோல வடித்து, வழுக்காமலிருக்க மேலே தோல் துண்டை ஒட்டிக்கொண்டார். தடித்த கம்பி வலித்ததால் மெல்லிய கம்பிகளைக் கட்டினார். 1971இல் வந்த குழுவின் தொகுப்பில் சில பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். விரலின் நோவுக்குக் கண்ட மருந்தே ஹெவி மெட்டலின் ஓசை ஆயிற்று. பட்டறை மேசை அவர்களே, எல்லாரும் கற்க வேண்டியிருந்ததுதான் அளவுகோல் என்றால், இன்று மெட்டல் வாசிக்கும் ஒவ்வொருவரும் யாருடைய பாடத்திட்டத்தில் இருக்கிறார்கள்?

பட்டறை மேசை:

அது நல்ல அடி. யோசிக்க வேண்டும்.

நடைமேடை எண் இரண்டு:

2023 பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருக்கும் ஜிம்மி பேஜை ஒருவரும் தொடவில்லையே. லெட் செப்பலின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக, கறுப்பின புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்து, 1987இல் சமரசமாகி, பிறகு அவர் பெயரும் பாட்டில் ஏறியது. கடன் வாங்கியது வரிகளைத்தான், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டான ரிஃப் பேஜுடையதுதான் என்பது உண்மை. இருந்தாலும் கறுப்பினக் கலைஞர்களின் கடனைப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது.

நள்ளிரவு வானொலி:

தார்ப் விஷயத்தில் என் அறியாமையை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படச்சுருளை நேற்று இரவு மூன்று முறை பார்த்தேன். ஆனால் வழி வெட்டியவர் யார், வழியின் கடைசிவரை நடந்தவர் யார் என்பவை இரண்டு கேள்விகள். என் கேள்வி இரண்டாவது. ரிதம் பக்கம் அவர்களுக்கு ஒரு மறுப்பு: ஹெண்ட்ரிக்ஸைத் தனிவாசிப்புக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். ‘லிட்டில் விங்’ தொடக்கத்தைக் கேளுங்கள். கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்துத் தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு, விடுபட்ட நான்கு விரல்களால், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுக்குள்ளேயே சின்னச் சின்ன மெட்டுகளை நெய்கிறார். பாட்டைத் தாங்கும் ரிதமும் தனித்து ஒலிக்கும் லீடும் அங்கே ஒரே கையில் இருக்கின்றன. என் கட்டைவிரல் குட்டை. ஆறு மாதம் முயன்று கைவிட்டேன்.

ரிதம் பக்கம்:

அதை ஏற்கிறேன். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏசி/டிசி என்ற ராக் குழுவின் 1980ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வையுங்கள். ஒரு பக்கம் தம்பி ஆங்கஸ், மறுபக்கம் அண்ணன் மால்கம் யங். 2017இல் இறந்துபோன அந்த மனிதர் மேடையில் பின்னால், ஆம்ப்ளிஃபையர் ஓரமாகவே நின்றார். பலரும் நினைப்பதைவிட அவருடைய ஒலியில் இரைச்சல் குறைவு. தடித்த கம்பி, பலமான வலக்கை. எங்கே நிறுத்துகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நள்ளிரவு வானொலி:

செய்து பார்த்தேன். முதலில் ஆங்கஸ் பக்கம், பிறகு மால்கம் பக்கம். தனிவாசிப்பு வந்ததும் பழக்கதோஷத்தில் கை தானாக ஹெட்போனை மாற்றப் போனது, மாற்றாமல் விட்டேன். இந்தப் பக்கத்தில் அவர் அதே மூன்று கார்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார், இம்மியும் பிசகாமல். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் நான் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. முதலிடத்தில் மாற்றமில்லை. இரண்டாம் இடத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக வைத்திருக்கிறேன்.