நிக் சேபன்: பெரிய கோச்சா, ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரரா?

சொக்கம்பட்டியான்:
2024 ஜனவரியில் சேபன் ஓய்வை அறிவித்தார். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் "கல்லூரி ஃபுட்பாலில் இவரைப் போல் கோச் பிறந்ததில்லை" என்ற பாட்டு ஓயவே இல்லை. (நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம்.) எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியில் 2003ல் ஒரு தேசியப் பட்டம், அலபாமாவில் ஆறு, மொத்தம் ஏழு. அலபாமாவின் பழைய கோச் 'பேர்' (Bear) பிரையன்ட் வாங்கிய ஆறு பட்டத்தைத் தாண்டிவிட்டார், அதை மறுக்கவில்லை. ஆனால் நாட்டில் உள்ள நல்ல பள்ளிக்கூடப் பையன்களை எல்லாம் வருஷா வருஷம் அள்ளிக்கொண்டு போனால் யார்தான் ஜெயிக்க மாட்டார்? அந்த ஆறிலும் 2011, 2017 இரண்டு வருஷமும் அலபாமா தன் லீக்குக்குள் இருக்கும் தன் பிரிவை (டிவிஷனை)க்கூட ஜெயிக்கவில்லை. தேசியப் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையின் தயவில் உள்ளே வந்து வாங்கிய பட்டங்கள் அவை.

டஸ்கலூசா_ரிட்டர்ன்:
அந்த 2017 சீசனின் இறுதிப் போட்டியையே எடுத்துக்கொள்வோம் அண்ணே. 2018 ஜனவரி, எதிரணி ஜார்ஜியா, பாதி ஆட்டத்தில் 13-0 என்று பின்தங்கி நிற்கிறோம். எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸ் இரண்டு சீசனில் இரண்டே ஆட்டம் தோற்றவர். அவரை உட்கார வைத்துவிட்டு, முதலாமாண்டுப் பையன் துவாவை இறக்குகிறார். தோற்றிருந்தால் ஊரே சேர்ந்து கிழித்திருக்கும். ஆட்டம் ஓவர்டைம் வரை போனது, ஜார்ஜியா ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் மூன்று புள்ளி) அடித்து 23-20. எங்கள் முதல் பிளேயிலேயே துவா மாட்டிக்கொண்டு 16 கெஜம் பின்னால் போய் விழுந்தான், நான் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அடுத்த பந்து 41 கெஜம் பறந்து டெவோன்டா ஸ்மித் கையில் விழுந்தது, டச்டவுன், ஆறு புள்ளி, 26-23. துவாவை இறக்கும் அந்தத் துணிச்சலை எந்த ரெக்ரூட்டிங் பட்டியலிலிருந்து எடுப்பீர்கள்?

சொக்கம்பட்டியான்:
நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள் தம்பி. வீசிய துவா, தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில் ஐந்தாவதாகப் போனவன், பிடித்த ஸ்மித் பத்தாவதாகப் போனவன், பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ் பின்னாளில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலே ஜெயித்தவர். அப்படி ஒரு பெஞ்சு இருந்தால் என் மாமாகூடத் துணிச்சலாக மாற்றுவார். நினைத்த ஆளை எல்லாம் அள்ள முடியாத இடத்தில் என்ன நடந்தது? என்எஃப்எல் அணியான மயாமி டால்ஃபின்ஸில் கோச்சாக இரண்டு வருஷம், 15 வெற்றி, 17 தோல்வி. 2006 டிசம்பரில் "நான் அலபாமாவுக்குப் போகப் போவதில்லை" என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னவர், இரண்டே வாரத்தில் எட்டு வருஷத்துக்கு 32 மில்லியன் டாலர் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வரப்போரம்:
பொய் சொன்னது பொய்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மயாமிக் கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். 2006ல் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் கிடைக்கும் நிலையில் இருந்தார், தோள்பட்டையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. டீம் டாக்டர்கள் நம்பாததால் அவரை விட்டுவிட்டு டான்டே கல்பெப்பரைக் கொண்டுவந்தார்கள். கல்பெப்பர் நாலு ஆட்டத்தோடு சரி. ப்ரீஸ் நியூ ஆர்லியன்ஸ் போய் சூப்பர் பவுல் ஜெயித்தார். ஒரு தோள்பட்டை வேறு மாதிரி ஆறியிருந்தால் அலபாமா கதையே இல்லாமல் போயிருக்கும்.

கணக்குவாத்தியார்:
ப்ரீஸ் கதை ஆயிரம் முறை கேட்டாயிற்று. யாரும் வாயைத் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப்தான் என்று விதி இருந்தது. பஸ்ஸில் 85 சீட்டு என்று தெரிந்தே அதற்கு மேல் டிக்கெட் விற்றால் என்ன ஆகும்? ஆகஸ்டுக்குள் யாரையாவது இறக்கிவிட்டே ஆக வேண்டும். ஒருவன் வேறு கல்லூரிக்கு மாறுவான், இன்னொருவனுக்கு "உடம்பு ஆட்டத்துக்குத் தகுதியில்லை" என்று மெடிக்கல் ஸ்காலர்ஷிப். படிக்கலாம், ஆடக் கூடாது, 85 கணக்கிலும் வரமாட்டான். அந்தக் காலத்தில் ஸ்காலர்ஷிப் என்பது ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டிய காகிதம், அதனால் பையனுக்குப் பிடிமானமே கிடையாது. இதை அலபாமா மட்டும் செய்யவில்லை, தெற்கத்தி அணிகள் பலவும் செய்தன. ஆனால் பேச்சு வந்தபோதெல்லாம் முதலில் அடிபட்ட பெயர் இவருடையது. பிறகு அந்தத் தெற்கத்தி அணிகளின் லீக்கே (எஸ்இசி) வருஷத்துக்கு 25 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று கடிவாளம் போட்டது.

டஸ்கலூசா_ரிட்டர்ன்:
வாத்தியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அந்த இடத்தில் எனக்கும் சங்கடம்தான். ஆனால் ஆள் இருந்தால் போதும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது, ஆள் இருந்தும் சொதப்பிய கல்லூரிகள் எத்தனை! மனிதர் என்எஃப்எல் அணியான கிளீவ்லாண்டில் கோச் பெலிச்சிக்கிடம் டிஃபன்ஸ் (தடுப்பாட்டம்) பார்த்தவர். எதிரணியில் நாலு பேர் நேராக ஓடினால் டிஃபன்ஸ் பையன் மண்டலத்தைக் காக்க வேண்டுமா, ஆளைத் துரத்த வேண்டுமா? முதலில் மண்டலத்தில் நில், ஓடுபவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார், பிறகு அவனோடேயே ஒட்டிக்கொள். அங்கே உருவாக்கிய அந்த முறையைத்தான் கடைசி வரை சொல்லிக்கொடுத்தார், 18 வயசுப் பையனுக்கு அதை ஏற்றுவது லேசு இல்லை. இன்னொன்று, 2012ல் "ஆட்டம் இப்படித்தான் இருக்க வேண்டுமா?" என்று வேகமான அஃபன்ஸை (தாக்கும் ஆட்டத்தை)த் திட்டியவர், 2014ல் அஃபன்ஸ் கோச்சாக லேன் கிஃபினைக் கூட்டிவந்து அதே வேகத்தைத் தானும் பிடித்துக்கொண்டார். அப்போது வயசு 60 தாண்டிவிட்டது. அந்த வயசில் என் அப்பா செல்போன் மாடலைக்கூட மாற்றமாட்டேன் என்றார்.

மேற்கு வர்ஜீனியாவில் அவருடைய அப்பா நடத்திய பெட்ரோல் பங்கில் சின்ன வயசில் கார் கழுவியிருக்கிறார். துடைத்த கோடு ஒன்று தெரிந்தாலும் அப்பா முழு வண்டியையும் மறுபடி கழுவச் சொல்வாராம், கருப்பு, கருநீல வண்டி வந்தாலே வயிற்றைக் கலக்குமாம். அலபாமாவின் பயிற்சியும் அந்த மாதிரிதான்.

கணக்குவாத்தியார்:
அது சரி, வண்டி பளபளத்தது, கூலி யாருக்குப் போனது? கோச்சின் சம்பளம் கடைசியில் வருஷத்துக்கு 11 மில்லியனுக்கு மேல். பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021ல்தான் வழி திறந்தது. அதற்கு முன்னால் எப்படி? ஸ்காலர்ஷிப்பில் பாடப்புத்தகம் வாங்கி அதைப் பிற மாணவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று அலபாமாவின் 21 வெற்றிகளையே கணக்கிலிருந்து அழித்தார்கள், அதில் 2007ல் சேபன் ஜெயித்த ஐந்தும் உண்டு. 2022ல் போட்டிக் கல்லூரியான டெக்சஸ் ஏ&எம் எல்லாப் பையன்களையும் விலைக்கு வாங்கிவிட்டது என்று இவரே மேடையில் குமுறினார், அந்த அணியின் கோச் ஜிம்போ ஃபிஷர் பதிலுக்குப் பொரிந்து தள்ள, லீக் இரண்டு பேரையுமே கண்டித்தது. அத்தனை வருஷம் சந்தை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தபோது வராத கோபம்!

வரப்போரம்:
அந்த ஃபிஷர் இவரிடமே வேலை பார்த்தவர். முன்னாள் உதவியாளர்கள் எதிர்த்து வந்தபோது 2021 அக்டோபர் வரை சேபன் 24-0. முதலில் உடைத்தது ஃபிஷர், 41-38. அடுத்த ஜனவரி தேசிய இறுதிப் போட்டியில் இன்னொரு முன்னாள் உதவியாளர், ஜார்ஜியாவின் கோச் கர்பி ஸ்மார்ட். அவர்களுக்கும் பணம் இருந்தது, ஆள் இருந்தார்கள், இவருடைய பாடம் முழுக்கத் தெரியும். அப்படியும் அத்தனை வருஷம் எடுத்தது.

சொக்கம்பட்டியான்:
24-0வை ஏற்றுக்கொள்கிறேன், அது பெரிய விஷயம்தான். ஆனால் கோச்சிங் என்று பேசினால் 2013ல் ஆபர்ன் அணியோடு ஆடிய ஆட்டத்துக்கும் பதில் சொல்லுங்கள். 28-28, நேரம் முடிந்துவிட்டது. ஒரு வினாடி பாக்கி இருக்கிறது என்று நடுவரிடம் மல்லுக்கட்டினார், ரீப்ளே பார்த்துக் கொடுத்தார்கள். 57 கெஜம் ஃபீல்ட் கோல் முயற்சி, பந்து குறைவாக விழுந்தது, கோல்கம்பத்துக்குக் கீழே நின்ற ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை ஓடினான். துரத்த வேண்டியவர்கள் எல்லாம் உதைப்பவனைக் காப்பதற்காக நிறுத்திய கனத்த ஆட்கள். 34-28. அந்த ஒரு வினாடியைக் கேட்டு வாங்கியது யார்?