டிரஃபால்கர் சதுக்கத்து மரம்: லண்டன் கிறிஸ்துமஸ் அனுபவங்கள்

2022 டிசம்பரில் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கு லண்டன் கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காட்டவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரயில் ஏறி எம்பாங்க்மென்ட்டில் இறங்கி, டிரஃபால்கர் சதுக்கத்துக்கு நடந்தோம். நாலு மணிக்கெல்லாம் இருட்டியிருந்தது.

அப்பா அங்கிருந்த கிறிஸ்துமஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா, நம்ம ஊர்ல வாசல்ல கட்டுற ஸ்டாரே இதைவிட ஜோரா இருக்குமே" என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. பளபளக்கும் உருண்டைகளோ ரிப்பனோ அதில் கிடையாது. மேலிருந்து கீழே நேராக இறங்கும் விளக்குச் சரங்கள்தான் அதன் அலங்காரம். மரம் வருவது நார்வேயிலிருந்து; அங்கே அப்படித்தான் கட்டுவார்களாம்.

பிறகு அடியில் இருந்த பலகையை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். 1940 முதல் 45 வரை லண்டன் மக்கள் செய்த உதவிக்கு நன்றியாக நார்வே தலைநகர் ஒஸ்லோ தரும் மரம் என்று அதில் இருக்கிறது. ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது மன்னர் ஏழாம் ஹாக்கோன் இங்கே வந்து தஞ்சம் புகுந்ததையும், போர் முடியும்வரை அவருடைய அரசு லண்டனிலிருந்தே இயங்கியதையும் நான் சொன்னேன். 1947 முதல் ஆண்டுதோறும் ஒஸ்லோ காட்டிலிருந்து ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்று கப்பலேறி வருகிறது. 20 மீட்டருக்கு மேல் உயரம், ஐம்பது அறுபது வயது.

அப்பா கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்குன உதவிய எழுவத்தஞ்சு வருசமா சொல்லிக்கிட்டே இருக்காங்களே!"

அந்த நேரம் மரத்தடியில் ஒரு குழு கரோல் பாடத் தொடங்கியது. அப்பாவுக்குத் தெரிந்த ராகம். தமிழ் வரிகளில் மெல்லக் கூடப் பாடினார். அதன்பின் ரீஜென்ட் தெருவில் சிறகு விரித்த விளக்குத் தேவதைகளையும் பார்த்தோம், அழகுதான். ஊருக்குப் போய் எல்லோரிடமும் அவர் சொன்னது மரத்தைப் பற்றித்தான்.

*

தங்கச்சி, உங்கட அப்பா சொன்னதை வாசிச்சு மனம் நெகிழ்ந்துபோச்சு. நான் 1991இல் யாழ்ப்பாணத்தில இருந்து அகதியா வந்தனான். முதல் மார்கழி, பெற்றோல் ஸ்டேசனில இரவு வேலை. ஒருநாள் வேலை முடிஞ்சு வரேக்க அந்தப் பலகையை வாசிச்சிட்டு கனநேரம் அங்கேயே நிண்டனான். ஒரு நாட்டின்ர ராசாவே என்னைப் போல இந்த ஊருக்குத் தஞ்சம் கேட்டு வந்தவர் எண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிள்ளையள் பிறந்த பிறகு ஒவ்வொரு வருசமும் கூட்டிக்கொண்டு போவன். காசு செலவழிக்க வேண்டாம்; 139 பஸ்ஸில மேல்தட்டு முன் சீற்றைப் பிடியுங்கோ. ரீஜென்ட் ஸ்ட்ரீட் விளக்குகளுக்குக் கீழால போய், பிக்கடிலி தாண்டி, சதுக்கத்தில வந்து இறங்கலாம். அந்தத் தெருவில முதன்முதல் விளக்குப் போட்டது 1954இல். போர்க்கால ரேசன் முழுசா நிண்டதும் அதே வருசம்தான். இத்தனை வருசம் இருட்டையும் பஞ்சத்தையும் பாத்த சனத்துக்கு அந்த முதல் வெளிச்சம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒவ்வொரு முறையும் நினைப்பன்.

*

அண்ணா, நான் மாணவனாக இருந்த வருடம் விவரம் தெரியாமல் இந்த விளக்குகளைப் பார்க்க டிசம்பர் 25 அன்றே கிளம்பிவிட்டேன். அன்று பாதாள ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. பெத்னல் கிரீனிலிருந்து நடந்தே போனேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வீட்டை நினைத்து அன்று காலை அழுதிருந்தேன். ரீஜென்ட் தெருவில் கார் இல்லை, கூட்டம் இல்லை. நடுத்தெருவில் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை மேலே தூக்கிக் காட்டினேன். ஊரில் நள்ளிரவு நெருங்கியிருந்தது. அம்மா தூங்காமல் கடைசி விளக்குவரை பார்த்தார்.

அன்று போக நினைப்பவர்கள் சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.