30 பெட் ஆஸ்பத்திரி: சிஸ்டர்களிடம் பாண்ட் எழுதி வாங்கலாமா?

அம்மாபேட்டை மேனேஜர்:
வணக்கம். சேலத்தில் டாக்டர் தம்பதி நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். 30 பெட், அதில் ஐசியூ 4. பிரசவம், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், காய்ச்சல் எல்லாம் வரும். சாதாரண நாளில் 20 பெட் நிரம்பும். டெங்கு சீசன் வந்துவிட்டால் காரிடாரிலும் கட்டில் போட வேண்டியிருக்கும்.

சிஸ்டர்கள் ஒன்பது பேர். சம்பளம் 13,000, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. நாமக்கல், தருமபுரி பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். ஐவி லைன் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போடக் கை பழகியதும் கிளம்பிவிடுகிறார்கள். ஒருத்தி ஐந்து ரோடு பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு, ஒருத்தி பெங்களூருக்கு, இன்னொருத்தி எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு வேலைக்கு. ஒப்பந்த வேலை என்றாலும் அங்கே 18,000. நாங்கள் எதைச் சொல்லி நிறுத்துவது?

டாக்டரம்மா இப்போது சொல்வது: சேரும்போதே இரண்டு வருஷ பாண்ட், நடுவில் போனால் ஒரு லட்சம், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் ஆபீஸ் பீரோவில். ஊரில் பல இடத்தில் இப்படித்தான் நடக்கிறது என்கிறார். சட்டப்படி சரியா? வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள். சம்பளத்தை ஒரேயடியாக ஏற்ற முடியாது. காப்பீட்டில் வர வேண்டிய பணமே எப்போதும் பாதி நிலுவையில் கிடக்கிறது.

நைட் டூட்டி:
நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான், சேலம்தான். ஒரிஜினல் கேட்கிற ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கே செய்தி போய்விடும். அதற்குப் பிறகு உங்களுக்கு வருகிறவர்கள் வேறு எங்கேயும் கிடைக்காதவர்கள்தான். யோசித்துக்கொள்ளுங்கள் சார்.

லேபர் கன்சல்டன்ட்:
சர்டிபிகேட்டை முதலில் முடித்துவிடலாம். வாங்கிப் பார்த்து, நகல் எடுத்து, கையோடு திருப்பிக் கொடுங்கள். சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகலோடு தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் பதிவு எண்ணையும் சரிபாருங்கள். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், நர்ஸ் தப்பான ஊசி போட்டுக் குழந்தைக்கு மூளை பாதித்ததற்கு ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம். அந்த நர்சுக்குத் தகுதி இல்லை என்பதும் அதில் பேசப்பட்டது.

பாண்ட் கொஞ்சம் சிக்கல். அடியோடு செல்லாது என்று சொல்ல மாட்டேன். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. ஒருவர் நடுவில் போனால் மறுபடி விளம்பரம், தேர்வு என்று செலவு செய்துதான் ஆள் எடுக்க முடியும். நீங்கள் என்ன கணக்கைக் காட்டுவீர்கள்? ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான், கிடைப்பது நியாயமான இழப்பீடு. 13,000 வாங்குகிற பெண்ணிடம் ஒரு லட்சம் கேட்டு வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸ்கூடத் தேறாது.

எத்தனை பேருக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை மேனேஜர்:
நான்கு பேருக்கு. மற்ற ஐந்து பேரும் டிரெயினி என்று இருக்கிறார்கள்.

லேபர் கன்சல்டன்ட்:
நினைத்தேன். தனியாக நைட் பார்க்கிறவர் டிரெயினி என்றால் இன்ஸ்பெக்டர் சிரிப்பார். 21,000 வரை சம்பளம் வாங்குகிற எல்லோரையும் சேருங்கள். 13,000-க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், சுமார் 423 ரூபாய். டாக்டரம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: கல்யாணமான சிஸ்டர் ஒருவர் பிரசவத்துக்குப் போனால் 26 வாரச் சம்பளம், ஏறக்குறைய 78,000. ஈஎஸ்ஐயில் போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால் அதை அவர்களே கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உங்கள் கல்லாவிலிருந்துதான் போகும். 20 பேர் இருந்தால் பிஎஃப்பும் உண்டு, அந்தக் கணக்கு எடுக்கும்போது ஆயாம்மா, ஃபார்மசி, வாட்ச்மேன் எல்லோரும் சேர்த்தி.

ஓய்வு பெற்ற சூப்பிரண்டென்ட்:
தம்பி, ஆஸ்பத்திரி வேலையிலேயே தலை நரைத்தவள் நான். இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். கோர்ட் விஷயம் அவர் சொல்லிவிட்டார், நான் டூட்டி ரோஸ்டர் பற்றிச் சொல்கிறேன்.

பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐசியூ 4 போக உங்கள் 16 வார்டு நோயாளிக்கு ஷிஃப்டுக்கு மூன்று பேர், ஐசியூவுக்கு இரண்டு. மூன்று ஷிஃப்டுக்குப் பதினைந்து. லீவு, ஆஃபுக்கு 30 சதவீதம் சேர்த்தால் இருபது வரும். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்: பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நைட்டுக்கு இரண்டு பேர், லேபர் ரூமில் கேஸ் வந்தால் வார்டில் ஆளே இருக்காது. அந்தப் பிள்ளைகள் சம்பளத்துக்காக மட்டும் ஓடுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது என்ற பயம்தான் முக்கால்வாசி.

2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 பெட்டுக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாது என்றது. கேரளா 2018-ல் அதைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பாகவே போட்டது. இங்கே அது இன்னும் பரிந்துரை அளவில்தான். இருபது பேருக்கு 20,000 என்றால் மாதம் நான்கு லட்சம், நீங்கள் இப்போது கொடுப்பது 1,17,000. இது உங்களால் ஆகாது, எனக்கும் புரிகிறது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். ஒரு சிஸ்டர் ஒரு ஷிஃப்டில் என்னென்ன செய்கிறாள் என்று ஒரு வாரம் கூடவே இருந்து எழுதுங்கள். மருந்து கேட்டு ஃபார்மசிக்கு இன்டென்ட் எழுதுவது, காப்பீட்டுப் படிவத்துக்கு ஆதார் நகல் கேட்டு அலைவது, டிஸ்சார்ஜ் பில்லுக்குக் கவுன்டரில் நிற்பது, லேப் ரிப்போர்ட் வாங்கி வருவது, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பை சிவப்புப் பைக்கு பார்கோடு ஒட்டுவது, நோயாளியோடு வந்த அட்டெண்டரோடு விசிட்டிங் நேரத்துக்குச் சண்டை. நான் பார்த்த சின்ன ஆஸ்பத்திரிகளில் பாதி நேரம் இதிலேயே போகும். மூன்று வருஷம் ஜிஎன்எம் நர்சிங் படித்த பெண்ணை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டு நர்ஸ் போதவில்லை என்கிறோம். பகலுக்கு ஒரு வார்டு கிளார்க் போடுங்கள், பிளஸ் டூ படித்து கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும். அப்புறம் நைட்டுக்கு மூன்றாவது ஆள். இந்த இரண்டையும் செய்த பிறகும் போகிறவர்கள் போவார்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் மொழி படிக்கிற பிள்ளையை யாரும் பிடித்து வைக்க முடியாது.

நைட் முடித்தவளுக்கு மறுநாளே காலை டூட்டி போடாதீர்கள். அதற்குப் பணம் ஆகாது.

அம்மாபேட்டை மேனேஜர்:
நன்றி அம்மா, நன்றி சார். டாக்டரம்மாவிடம் பேசினேன். 78,000 கணக்கைச் சொன்னதும் ஈஎஸ்ஐக்கு உடனே சரி என்றார். சர்டிபிகேட் பேச்சையும் விட்டாயிற்று. பாண்டுக்குப் பதில் ஒரு மாத நோட்டீஸ், வருஷம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று எழுதப் போகிறோம். கிளார்க் விஷயத்தில்தான் டாக்டர் ஐயா தயங்குகிறார், 11,000 கூடுதல் செலவு என்கிறார். சூப்பிரண்டென்ட் அம்மா சொன்னபடி ஒரு வாரம் எழுதிக் காட்டிவிட்டு மறுபடி கேட்கிறேன்.

நைட் டூட்டி:
ஆள் எடுக்கும்போது இங்கேயே போடுங்கள் சார். நைட்டுக்கு எத்தனை பேர் என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள். சம்பளத்துக்கு முன்னால் நாங்கள் கேட்பது அதைத்தான்.