பெரியப்பாவின் ரிப்போர்ட்

செந்தில்: பெரியப்பா, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ‘எம் புரதம்’ என்று இருக்கிறது. தேடினால் மைலோமா, இரத்தப் புற்றுநோய் என்றே வருகிறது!

சுமதி அத்தை: ஐயோ, அண்ணா! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

பெரியப்பா: என்னத்தைச் சொல்ல? டாக்டர் எம்ஜியூஎஸ் என்றார். மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கைவிட்டுவிட்டாரோ?

மலர்: இல்லை பெரியப்பா. எம் புரதம் என்பது எலும்பு மஜ்ஜையில் ஒரே வகைச் செல்கள் சுரக்கும் அசாதாரணப் புரதம். அது கொஞ்சமாக இருக்கும் நிலைதான் எம்ஜியூஎஸ். இது புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓம்ஸ்டெட் என்ற கவுன்ட்டியில் 50 வயதைத் தாண்டிய 21,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். அங்கே அந்த வயதில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைச் சோதித்துவிட்டார்கள்! அவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு இது இருந்தது. 70ஐத் தாண்டியவர்களில் 5.3.

செந்தில்: மைலோமாவாக மாறும் என்று போட்டிருந்ததே?

மலர்: மாறலாம். அதே வட்டாரத்தில் இது இருந்த 1,384 பேரை வருடக்கணக்கில் கவனித்து 2002இல் சொன்னது: மைலோமாவோ அதைச் சேர்ந்த நோயோ வருவது வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவருக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு கோணலாகிவிடும், செந்தில். முற்றியவர்கள்தானே அங்கே அதிகம்? ஊரையே எண்ணினால்தான் ஒன்றும் ஆகாமல் வீட்டில் இருப்பவரும் கணக்கில் வருவார்.

ரவி மாமா: ஒரு சாறு வீடியோ அனுப்பியிருக்கிறேன். புரதம் கரைந்துவிடுமாம்.

மலர்: மாமா, அதை அழித்துவிடுங்கள் 🙏

பெரியப்பா: சரி, பத்து வருடம் ஓட்டிவிட்டால் தப்பித்தேனா?

மலர்: அதுதான் இல்லை. 25 வருடம் கழித்தும் அந்த வாய்ப்பு அப்படியே இருந்தது. பரிசோதனையை மட்டும் விடாதீர்கள். எம் புரதம் எவ்வளவு, எந்த வகை என்று இருக்கிறது?

பெரியப்பா: 0.8. ஐஜிஜி.

மலர்: நல்லது. டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே, ஐஜிஜி என்ற எதிர்ப்புரத வகை என்றால் ஆபத்து குறைவு. எதிர்ப்புரதத்தின் தனித்துத் திரியும் சிறு துண்டுகளை அளக்கும் ‘ஃப்ரீ லைட் செயின்’ சோதனை பார்த்தார்களா?

பெரியப்பா: அப்படி ஒன்றும் காணோமே.

மலர்: டாக்டரிடம் கேளுங்கள். அதில் வரும் இரண்டு வகைத் துண்டுகளின் விகிதமும் சரியாக இருந்தால் இன்னும் நிம்மதி. ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின் இருக்கும் பக்கத்தையும் அனுப்புங்கள். முதுகில், விலாவில் விடாத வலி வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

சுமதி அத்தை: முதுகுவலி என்று போன வாரம் சொன்னீர்களே, அண்ணா?

பெரியப்பா: அது பரணில் இருந்து பெட்டி இறக்கியதால் வந்தது, சுமதி. மறுநாளே போய்விட்டது.

மலர்: இருந்தாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.