கூரைக்கு என்ன வயது? அமெரிக்காவில் ஓய்வுக்கு ஊர் தேடியவர்களின் அனுபவங்கள்

கேப் கோரல், புளோரிடா

முப்பத்தொரு ஆண்டுகள் நியூஜெர்சியில் இருந்துவிட்டு 2019இல் இங்கே வந்தோம். காரணத்தை விளக்கத் தேவையில்லை. அங்கே சராசரிச் சொத்துவரியே ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தொடுகிறது. இங்கே மாநில வருமான வரி கிடையாது. பனி அள்ள வேண்டியதில்லை. வீட்டை விற்றவரின் வரி ரசீதைப் பார்த்தேன், இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதையே என் வரியாகவும் எண்ணிக் கணக்குப் போட்டது என் முதல் தவறு. சொந்தமாகக் குடியிருப்பவரின் வரி மதிப்பு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று இங்கே விதி உண்டு. விற்றவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடையின் கீழ் இருந்தார். வீடு கைமாறியதும் மதிப்பு சந்தை விலைக்கு ஏறிவிட, எனக்கு வந்த ரசீது அவருடையதைப் போல் மூன்று மடங்கு.

ஆனால் என் மனத்தில் இன்றும் உறுத்துவது வேறொரு காலைப்பொழுது. 2022 செப்டம்பர் 28இல் அடித்த இயன் புயலில் எங்கள் வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. சில மாதங்கள் கழித்துக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் முன்பு ஒருவர் ஏணியுடன் வந்து, மேலே ஏறித் தட்டிப் பார்த்து, இறங்கி வந்து கேட்டார்: "கூரைக்கு என்ன வயது?" பதினேழு என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அப்போது 66. காப்பித் தம்ளருடன் வாசலில் நின்ற என் மனைவி, "நல்ல வேளை, உங்கள் வயதைக் கேட்கவில்லை" என்றார். சிரித்தோம். பத்து நாளில் காப்பீட்டைப் புதுப்பிக்க இயலாது என்று கடிதம் வந்தது. புதுக் கூரை போட 27,000 டாலர் ஆனது. நியூஜெர்சியை விட்டு வந்ததால் இதுவரை மிச்சமான வரிப்பணம் அந்தக் கூரையின் மேல்தான் இருக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கேட்டி, டெக்சஸ்

புளோரிடா ஐயா, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். டெக்சஸிலும் மாநில வருமான வரி இல்லை. சொத்துவரி அதிகம்தான், ஆனால் 65 வயது நிறைந்தவர் விண்ணப்பித்தால் பள்ளி மாவட்டத்துக்கான வரி அந்த அளவிலேயே உறைந்துவிடும். ஹூஸ்டன் பக்கத்து மீனாட்சியம்மன் கோயில் ஒரு மணி நேரத்துக்குள். இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்வது வழக்கம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொல்கிறேன்.

ஹார்வி புயலில் எங்கள் தெருவுக்கு வெள்ளம் மழையோடு வரவில்லை, மழை ஓய்ந்த பிறகு வந்தது. பார்க்கர் நீர்த்தேக்கத்தில் தேங்கிய நீர் பின்பக்கமாக ஏறி ஏறி, வேலியைத் தாண்டி, சத்தமே இல்லாமல் சமையலறைக்குள் நுழைந்தது. நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அரிசி டப்பா ஒன்று மூடியோடு மிதந்து, கூடத்தைச் சுற்றிவிட்டு, எதையோ மறந்துவிட்டதைப் போல மறுபடியும் சமையலறைக்கே திரும்பியது. மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் கொலுப் பொம்மைகள் இருந்தன. என் மாமியார் பண்ருட்டியிலிருந்து சேர்த்தவை. மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது வண்ணச் சேறு மட்டுமே இருந்தது.

வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் எங்கள் மனை குறிக்கப்படவில்லை. ஆகவே வங்கி வெள்ளக் காப்பீடு கேட்கவில்லை. ஆகவே நாங்களும் எடுக்கவில்லை. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் சல்லிக்காசு தராது. நீர்த்தேக்கத்துத் தண்ணீர் ஏறக்கூடிய நிலம் என்ற எச்சரிக்கை மனைப்பிரிவு வரைபடத்தின் அடியில் சிற்றெழுத்தில் இருந்ததாம். வீடு வாங்குகிற நாளில் அதைப் படித்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஆஷ்வில், வடகரோலினா

கடற்கரை வேண்டாம், மலைக்குப் போனால் புயலிலிருந்து தப்பலாம் என்று எல்லாரும் சொன்னதை நம்பி வந்தவள் நான். 2024 செப்டம்பர் 27இல் ஹெலீன் புயல் இங்கேயே வந்து ஆறுகளைப் பொங்க வைத்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்ற அறிவிப்பு வெளியானது நவம்பர் 18ஆம் நாள். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்து வளர்ந்தவளாகையால், ஒரு வாளியில் குளித்து, அந்தத் தண்ணீரையே கழிப்பறைக்கு ஊற்றுவது எப்படி என்று எதிர்வீட்டு எண்பது வயது ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு நான் செய்து காட்ட வேண்டியிருந்தது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சாண்ட்லர், அரிசோனா

புயல், வெள்ளம், நிலநடுக்கம் எதுவும் இல்லாத ஊர் வேண்டுமென்று பட்டியல் போட்டு ஃபீனிக்ஸ் பக்கம் வந்தேன். வெயிலைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "நான் வேலூர்க்காரன்" என்று சொல்லி வாயை அடைப்பேன். 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் அல்லது அதற்கு மேல் கொதித்தது. அந்த நாட்களில் ஒரு பிற்பகல் குப்பை வண்டி வரும் நேரமாகிவிட்டதென்று, செருப்பில்லாமல் தொட்டியை இழுத்துக்கொண்டு கராஜ் சரிவில் இறங்கினேன். கோயில் பிராகாரத்துக் கல்லில் ஓடிப் பழகிய கால் என்ற திமிர். பிராகாரத்தில் ஓடினால் நிழல் வரும். இங்கே நடுவழியில் நின்றபோது முன்னாலும் நிழல் இல்லை, பின்னாலும் இல்லை. தொட்டிக்குள் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிட்டேன். குளிரூட்டி ஓடும் வீட்டில் கதவுகளை அடைத்து வைத்திருப்பார்கள் அல்லவா, அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த பதினொரு நாள் தீக்காயப் பிரிவுக்குப் போய் வந்தேன். கட்டுப்போட்ட செவிலியர், நடைபாதையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் வெந்துபோன முதியவர்கள் பக்கத்து அறைகளில் இருப்பதாகச் சொன்னார். அந்த ஆண்டு மாரிகோபா மாவட்டத்தில் வெப்பம் தொடர்பான இறப்புகள் 645. ஆனாலும் டெக்சஸ் நண்பரே, என் கொலுப் பொம்மைகள் பத்திரமாக இருக்கின்றன.

ராலே அருகே, வடகரோலினா

என் கதை சிறியது. 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். நியூயார்க்கில் இருந்தபோது, அதற்குப் பதிலாகத் தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்தேன். இங்கே குடிபெயர்ந்ததும் அதேபோல் வேறொன்றில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டு கழித்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போகலாம் என்ற வசதிக்காக, அரசே நடத்தும் பழைய மெடிகேருக்குத் திரும்பி, அது ஏற்காமல் விடும் செலவைத் தாங்கும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப் கேட்டேன். விண்ணப்பத்தில் இதயநோய் பற்றிய கட்டத்தில் "ஆம்" என்று குறித்த பேனாவை நான் கீழே வைப்பதற்குள் முகவர் தாளை மடித்துவிட்டார்.

ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வரியைப் பார்க்கிறீர்கள், வானிலையைப் பார்க்கிறீர்கள். இதை யாரும் பார்ப்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 65 வயதில் மெடிகேரின் பி பகுதி (மருத்துவர் கட்டணத்துக்கானது) தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதங்கள், உடல்நலக் கேள்வி எதுவும் கேட்காமல் மெடிகேப் தந்தாக வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்கள் உங்கள் நோய்களைக் கேட்கலாம், மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற மிகச் சில மாநிலங்களில்தான் வயது ஏறிய பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தை விட்டு வரி குறைந்த மாநிலத்துக்கு வரும்போது எதைக் கைவிடுகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்டேஜ் திட்டங்கள் பகுதி பகுதியாக நடப்பவை. அந்தப் பகுதியை விட்டு நீங்கள் குடிபெயர்ந்தால் பழைய மெடிகேருக்குத் திரும்பி, குறிப்பிட்ட சில மெடிகேப் திட்டங்களைக் கேள்வியின்றிப் பெறும் உரிமை உண்டு. ஆனால் பழைய திட்டம் முடிந்து 63 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அந்த உரிமை இருந்தது. சாமான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்ததில் அந்த நாட்கள் போயின. மேலும், இந்தியாவில் பாதி ஆண்டைக் கழிக்கலாம் என்று நினைப்பவர்கள், அங்கே ஆகும் மருத்துவச் செலவை மெடிகேர் ஏற்காது என்பதையும், படுக்கையில் விழுந்தவரைக் குளிப்பாட்டி உணவூட்டும் நீண்டகாலப் பராமரிப்புக்கு உள்நாட்டிலேயே அது பணம் தராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

ராலே நண்பர் சொல்வது சரிதான், ஆனால் கேட்டது அதுவல்ல. நடந்ததை எழுதச் சொன்னார்கள்.

நாங்கள் வரியும் பார்க்கவில்லை, வானிலையும் பார்க்கவில்லை. மகன் இருக்கும் ஊர் எதுவோ அதுவே நல்ல ஊர் என்று மிச்சிகன் வீட்டை விற்றுவிட்டு அவன் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி வாங்கினோம். பதினான்கு மாதத்தில் அவனுக்கு சியாட்டிலுக்கு மாற்றலாயிற்று. அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்து வயதில் நானும் என் பெற்றோரிடம் இரண்டு வரியில் கடிதம் எழுதிவிட்டு விமானம் ஏறியவன்தான். சாமான் ஏற்றிய அன்று காலை அவர்கள் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கிவிட்டு, "அங்கே இடம் போதாதுப்பா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். இப்போது எங்களிடம் இரண்டு கிரைண்டர்கள் இருக்கின்றன. இருவருக்கு வாரத்துக்கு எவ்வளவு மாவு வேண்டும்?

மத்திய புளோரிடா, 55 வயது கடந்தோர் குடியிருப்பு

ஃபிரிஸ்கோ ஐயாவுக்கு நேர்ந்ததன் மறுபக்கம் எனக்கு நேர்ந்தது. பிள்ளைகளைத் துரத்த வேண்டாமென்று நாங்கள் மூத்தோர் மட்டுமே வாழும் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தோம். கோல்ஃப் வண்டியிலேயே கடைக்குப் போகலாம், நீச்சல்குளம், சீட்டாட்டம், அமைதி. எண்பது விழுக்காடு வீடுகளிலாவது 55 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருந்தால், குழந்தைகளோடு குடியிருப்போரை விலக்கி வைக்கச் சட்டமே இடம் தருகிறது. அதை நாங்கள் படித்துத்தான் கையெழுத்திட்டோம். எங்கள் குடியிருப்பில் சிறுவர்கள் ஆண்டுக்கு 30 நாட்கள் மட்டும் தங்கலாம் என்பதையும் படித்தோம். முப்பது நாள் எதற்கு, ஒரு வாரம் தங்கினாலே பெரிது என்று சிரித்தோம்.

மகளுக்கு மணமுறிவு ஆனபோது ஏழு வயதுப் பேரனுடன் எங்களிடம்தான் வந்தாள். ஐந்தாவது வாரம், வீட்டுரிமையாளர் சங்கத்தைச் சேர்ந்தவர் மிகுந்த மரியாதையுடன் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், அவருடைய கண்கள் என் தோளுக்குப் பின்னால் சிறுவனின் சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தன. பேரனை நான் குளியலறையில் இருக்கச் சொல்லியிருந்தேன். அவன் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்காமல் இருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே. மகள் இப்போது பதினைந்து நிமிடத் தூரத்தில் வாடகைக்கு இருக்கிறாள்.

ஃபிளஷிங், நியூயார்க்

இவ்வளவு பேரும் எழுதியதைப் படித்தேன். ஒருவராவது, "என் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா" என்று ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டதாக எழுதவில்லை.

பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் அருகே இருந்தோம். ஓய்வூதியத்துக்கு அம்மாநிலம் வரி போடுவதில்லை, பெருமாள் கோயில் குன்றின்மேல் இருக்கிறது, என் கணவர் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டவர். அவர் 2021இல் காலமானார். உரிமம் இருந்தும் அந்தச் சரிவுச் சாலைகளில் எனக்குக் கை நடுங்கும். பேட்டரி செத்துவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்து, வண்டியில் உட்கார்ந்து, பொறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, மறுபடியும் வீட்டுக்குள் வருவேன். அதற்காக நல்ல புடவை கட்டிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "எங்கே போய் வந்தீர்கள்?" என்று கேட்டார். "கோயிலுக்கு" என்று சொன்னேன்.

இங்கே ஓரறை வீட்டில் இருக்கிறேன். வாடகையும் அதிகம், வரியும் அதிகம். போன குளிர்காலத்தில் லிப்ட் மூன்று வாரம் பழுதாகி, நான்காம் மாடியிலிருந்து ஒரு நாளைக்கு ஒருமுறைதான் இறங்கினேன். முழங்கால் இன்னும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் பிள்ளையார் கோயில் உணவகத்துக்கும் மருந்துக்கடைக்கும் நூலகத்துக்கும் நானே நடந்து போகிறேன்.

கேப் கோரல், புளோரிடா

தொடங்கியவன் என்ற முறையில் இரண்டு வரி. ஃபிளஷிங் அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு உரிமம் உண்டு; புளோரிடாவுக்கு வந்தபின் ஒருமுறைகூட ஓட்டியதில்லை, இந்தச் சேதி நேற்று வரை என் கவனத்துக்கே வரவில்லை. இன்று காலை மருந்துக்கடை வரை அவர் ஓட்டினார். ஆறு நிமிடப் பாதைக்கு இருபது நிமிடம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை என்று எழுதினால், அவர் இதைப் படிப்பார்.